கிடங்குக்குள் ஓடிய ஜெனரேற்றர்

எங்களில் ஒருவரின் மச்சான் ரொறன்ரோவில் இருக்கிறார். பழைய பின்போல் மெசின் ஒன்றை வாங்கி வீட்டு பேஸ்மென்ற்றுக்குள் வைத்திருக்கிறார். இரவில் விளையாடினால் மேலே பிள்ளை எழும்பிவிடுதாம். ஸ்பீக்கரைக் குறைத்தும் சரிவரவில்லை. வராதுதான். பின்போலில் மின்காந்தச் சுருள்கள் இரும்புத் தண்டுகளை இழுத்து அடிக்கின்றன. பெட்டி பலகை என்பதால் அது மிருதங்கம் மாதிரி முழங்கும். அந்த அதிர்வு நாலு காலாலும் நிலத்துக்கு இறங்கும். காலுக்குக் கீழே தடித்த ரப்பர் வைத்தால்தான் கொஞ்சமாவது அடங்கும். கடைகளில் காசு போட ஆட்களைக் கூப்பிடவென்று செய்த மெசின் அல்லவா, சத்தம் அதன் பிறவிக்குணம். (நியூயோர்க் நகரில் 1942 இலிருந்து 1976 வரை அதற்குத் தடை இருந்தது. சத்தத்துக்காக இல்லை, சூதாட்டம் என்று!)

இந்தக் கதையை உரும்பிராயில் ஒரு விறாந்தையில் இருந்து சொன்னபோது, அந்த வீட்டு ஐயா சிரித்தார். "ரப்பரோ? நாங்கள் கிடங்கெல்லோ வெட்டினனாங்கள்."

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியபின் குடாநாட்டில் கரண்ட் இல்லை. பெற்றோலுக்குத் தடை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட காலம் அது. படம் பார்ப்பதென்றால் ரிவி, டெக், ஜெனரேற்றர் மூன்றும் வாடகைக்கு வரவேணும். ஆளுக்குக் கொஞ்சம் காசு சேர்ப்பார்கள். துளிப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எடுத்த வாடகை வீணாகக்கூடாது என்று விடியவிடியப் படம் ஓடும்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. உரும்பிராய் பலாலி வீதியில் இருக்கிற ஊர். இராணுவமும் விமானத்தளமும் இருந்த பலாலி, அதே வீதியின் வடக்கு முடிவில், பத்துக் கிலோமீற்றருக்கும் குறைந்த தூரத்தில். "அங்கை குத்துற சத்தம் கேட்டால்தான் தம்பியவை, படுக்கவாவது நேரம் கிடைக்கும். பொம்மர் வாறதும் காதாலைதான் தெரியும். பக்கத்திலை ஜெனரேற்றர் கத்தினால் என்னத்தைக் கேக்கிறது?"

ஆகவே வளவின் பின்பக்கம், கிணற்றையும் தாண்டி, வாழைகளுக்குள் கிடங்கு வெட்டினார்கள். செம்மண் நிலம், வெட்டச் சுகம். நேரே வருகிற ஒலியை மண்சுவர் மறிக்கும். விளிம்பைச் சுற்றி மண் நிரப்பிய உரப்பை அடுக்கினார்கள். முழுக்க மூடவும் ஏலாது, எஞ்சின் சூடாகி நின்றுவிடும். புகைபோகிற பக்கத்தை வீட்டுக்கு எதிர்ப்புறம் திறந்துவிட்டார்கள். கீச்சுச் சத்தம் அப்படியே அமுங்கியது. ஆனால் அடித்தொனி, அந்த 'டுக்கு டுக்கு', நிலத்தால் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் எஞ்சினுக்குக் கீழே பழைய டயர் இரண்டு போட்டார்களாம். ரொறன்ரோ மச்சானுடைய ரப்பர்தான் இதுவும்!

அதுவும் போதவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் ஒருவர் வெளியே, பங்கர் வாசலில், வானத்துக்குக் காதுகொடுத்து இருக்கவேணும். அவர் கையைத் தட்டினால் உள்ளே ரிவியை நிறுத்துவார்கள். வீட்டில் மூத்த பெடியன் என்பதால் ஐயாவுக்குத்தான் அந்த வேலை அடிக்கடி விழுந்தது.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே வெளிக்கிட்டபோது கிடங்கு அப்படியே கிடந்தது. அடுத்த வருஷம் திரும்பிவந்து பார்த்தால் அரைவாசி தூர்ந்திருந்ததாம். இப்போது அந்த இடத்தில் இதரை வாழை நிற்கிறது.

அந்த நாளில் என்னென்ன படம் பார்த்தீர்கள் என்று கேட்டோம். "பாட்டெல்லாம் பாடமடா," என்றார் ஐயா. "ஆனா படம் ஒண்டும் பாக்கேல்லை."