பன்னாட்டு நீர்வரைவியல் அமைப்பு

கடலை அளப்பதிலும் மாலுமிகளுக்கான வரைபடங்களைத் தயாரிப்பதிலும் நாடுகள் பொதுவான முறைகளைப் பின்பற்ற வழிவகுக்கும், அரசுகளுக்கிடையேயான அமைப்பு. தலைமையகம் மொனாக்கோ. 1919-இல் லண்டனில் 24 நாடுகள் கூடிய மாநாட்டில் கருக்கொண்டு, 1921 ஜூன் 21 அன்று பணியகமாகச் செயல்படத் தொடங்கியது. கடலாய்வில் தோய்ந்தவரான மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட் அதற்கு இடம் தந்தார். இப்போதைய பெயர் 1970-இல் வந்தது.

பணியகம் வருவதற்கு முன் ஒவ்வொரு நாடும் தன் வழியில் வரைபடம் வரைந்தது. பிரிட்டன் ஆழத்தைப் பாகம் (ஃபாதம்) என்ற அளவில் எழுத, பிரான்ஸ் மீட்டரில் எழுதியது. பிற நாட்டு வரைபடத்தை விரித்த மாலுமிக்கு 3 என்ற எண் 3 மீட்டரா, ஐந்தரை மீட்டரா என்பது கப்பல் தரைதட்டுமா தப்புமா என்ற கேள்வி. ஆழத்தை எந்த நீர்மட்டத்திலிருந்து கணக்கிடுவது என்பதிலும் ஒற்றுமை இல்லை. கடல் மைலின் நீளமும் நாட்டுக்கு நாடு வேறுபட்டது; அது 1,852 மீட்டர் என 1929-இல் மொனாக்கோவில் கூடிய மாநாடு முடிவுசெய்தது. பிரிட்டனோ 1970 வரை தன் பழைய அளவை விடவில்லை.

அமைப்பின் பணிகளில் தலையாயது, 1968-இல் முதலில் வெளியான எஸ்-44 என்ற அளவைத் தரம். கப்பலின் அடிப்பகுதிக்கும் கடல்தரைக்கும் இடைவெளி மிகக் குறைவான துறைமுகப் பகுதிகளுக்கு அதில் 'சிறப்பு வகை' விதி உண்டு. 20 மீட்டர் ஆழத்தில் அளவுப் பிழை ஏறத்தாழ 29 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும். ஒரு மீட்டர் பக்கமுள்ள கனசதுரப் பொருள் தரையில் கிடந்தாலும் கண்டுபிடித்தாக வேண்டும். மின்னணு வரைபடங்களுக்கு எஸ்-57 என்ற தரம் உள்ளது. அதன் இடத்துக்கு எஸ்-100 வந்துகொண்டிருக்கிறது.

வரைபடம் பிந்தினால் என்ன ஆகும்? 2005 ஜனவரி 8 அன்று அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கி 'சான் பிரான்சிஸ்கோ' குவாம் தீவுக்குத் தெற்கே கடலடி மலையொன்றில் முழு வேகத்தில் மோதியது. ஒருவர் இறந்தார்; 98 பேர் காயமடைந்தனர். பயன்படுத்திய வரைபடத்தில் அந்த மலை இல்லை. அதே நீர்மூழ்கியில் இருந்த வேறு வரைபடங்களோ அப்பகுதியில் ஆபத்துக்கான அறிகுறியைக் காட்டின.

நாடுகளைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் இவ்வமைப்புக்கு இல்லை. கடலை அளந்து வரைபடம் வெளியிடும் கடமையை அரசுகள்மீது சுமத்துவது கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கை. இந்தியாவில் அப்பொறுப்பை ஏற்றிருப்பது கடலே இல்லாத டேராடூனில் இயங்கும், கடற்படையின் தேசிய நீர்வரைவியல் அலுவலகம்.

ஆழ்கடலில் வேலை இன்னும் மலைபோல் கிடக்கிறது. கடலடி முழுவதையும் 2030-க்குள் வரைந்து முடிக்கும் கூட்டுத் திட்டம் 2017 முதல் நடக்கிறது. 2025 ஜூன் வரை தற்காலத் தரத்தில் அளக்கப்பட்டது 27.3 விழுக்காடு.