போர்விமானப் பெயர் தாங்கும் வீதிகள்: ஒரு வரலாற்று நோக்கு

வீதிப் பெயர்களை வரலாற்று மூலங்களாகக் கொள்ளுதல் புதிதன்று. ஓர் ஊரின் வீதிகளுக்கு இடப்பட்ட பெயர்களைக் கொண்டு, அவ்வூரில் எக்காலத்தில் எவர் அதிகாரஞ் செலுத்தினர், எவற்றை நினைவிற் கொள்ள விரும்பினர் என்பதை ஓரளவு உய்த்தறியலாம். கொழும்பின் பார்ன்ஸ் பிளேஸ், ஹோர்ட்டன் பிளேஸ் ஆகியவற்றில் நடப்போர் அறிந்தோ அறியாமலோ பிரித்தானியத் தேசாதிபதிகளின் பெயர்களை உச்சரிக்கின்றனர். இத்தகைய பெயரீடு பற்றி நம்மிடையே ஓரளவு பேசப்பட்டுள்ளது. மனிதரின் பெயருக்குப் பதிலாகப் போர்க்கருவி ஒன்றின் பெயர் வீதிக்கு இடப்படும் வழக்கோ அதிகம் நோக்கப்படவில்லை. பிரித்தானியாவிற் பரவலாகவுள்ள இவ்வழக்கை நாம் இங்கு ஆராய விழைகின்றோம்.

இலண்டனுக்கு வடக்கேயுள்ள ஹற்பீல்ட் நகரில் 'மொஸ்கிற்றோ வே' என்றொரு வீதியுண்டு. பெயரை நேரே தமிழ்ப்படுத்தின் 'நுளம்பு வீதி' என்றாகும். சுகாதாரப் பரிசோதகர் எவரும் விரும்பி இடக்கூடிய பெயரன்று இது. டி ஹவிலண்ட் நிறுவனம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆக்கிய மொஸ்கிற்றோ விமானத்தையே இப்பெயர் குறிக்கின்றது. நிறுவனத்தின் தாபகரான ஜெப்ரி டி ஹவிலண்ட் பூச்சியினங்களில் ஈடுபாடு மிக்கவர். அவர்தம் விமானங்கள் பல அந்துப்பூச்சிகளின் பெயரைப் பெற்றமைக்கு அதுவே காரணம்.

மொஸ்கிற்றோ மரத்தாலான விமானம். அலுமினியத்திற்குத் தட்டுப்பாடு நிலவிய காலத்தில், பேர்ச் ஒட்டுப்பலகைகளுக்கிடையே இலேசான பல்சா மரத்தை வைத்து ஒட்டி அதன் உடலை ஆக்கினர். உலோகத் தொழிலாளர் ஏனைய விமானங்களின் ஆக்கத்தில் மூழ்கியிருந்தமையால், கதிரை மேசை செய்த தச்சரும் தளபாடப் பட்டறைகளின் பெண் தொழிலாளரும் இதன் உறுப்புக்களை ஆக்கினர். ஹற்பீல்டில் 1940 நவம்பர் 25 ஆந் திகதி முதன்முதலாகப் பறந்த இவ்விமானம், கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் ஆக்கப்பட்டவை உட்பட 7,781 என்னும் தொகையை எட்டியது. உற்பத்தி வரலாறு என்னும் வகையில் இது வியப்பிற்குரியதே. ஒரு தச்சுத் தொழிலாளியின் கைத்திறன் நவீன போரின் மையத்துக்கு வந்து சேர்ந்த நிகழ்ச்சி அது.

அவ்வுற்பத்திக்கு அத்தொழிலாளர் கொடுத்த விலையும் உண்டு. 1940 ஒக்டோபர் 3 ஆந் திகதி ஜெர்மானிய யுங்கர்ஸ் 88 விமானம் ஒன்று தாழப் பறந்து வந்து ஹற்பீல்ட் தொழிற்சாலை மீது குண்டுகளை வீசிற்று. 21 பேர் மாண்டனர். மொஸ்கிற்றோவுக்கெனச் சேர்த்து வைத்திருந்த பொருள்களிற் பெரும்பகுதி அழிந்தது. வீதிப்பலகையில் இவர்தம் பெயர் எதுவும் இல்லை. விமானத்தின் பெயர் மட்டுமே உள்ளது.

இவ்வீதி எக்காலத்தது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. போர் வெற்றியின் களிப்பில் இடப்பட்ட பெயரன்று இது. டி ஹவிலண்ட் 1960 இல் ஹோக்கர் சிட்லி நிறுவனத்தின் வசமாகி, 1977 இல் அரசுடைமையான பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸுக்குள் அடங்கியது. அந்நிறுவனம் பின்னர் தனியார்வசமாயிற்று. 1990களின் முற்பகுதியில் ஹற்பீல்டில் விமான உற்பத்தி முற்றாக நின்றது. வெறுமையான ஓடுபாதையிற் சில காலம் உலகப் போர் பற்றிய திரைப்படங்களுக்காகச் சிதைந்த ஐரோப்பிய ஊர்களைச் செயற்கையாக எழுப்பிப் படம்பிடித்தனர். அதன் பின்னரே அந்நிலத்தில் வீடுகளும் வணிக நிலையங்களும் எழுந்தன. 2003 இல் ஹேர்ட்பர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தின் டி ஹவிலண்ட் வளாகம் அங்கு திறக்கப்பட்டது. அவ்வளாகத்தின் முகவரி மொஸ்கிற்றோ வே.

ஆக, தொழிற்சாலை இயங்கிய வரையில் அந்நிலத்துக்கு விமானத்தின் பெயர் தேவைப்படவில்லை. வேலை போன பின்னரே பெயர் வந்தது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் தலைமுறை தலைமுறையாக ஓர் ஊருக்குச் சோறளித்த தொழில் மறைந்தபோது, அதன் இடத்தை நிரப்பிய வீடமைப்புக்கு ஒரு தொன்மையை வழங்க அப்பெயர் உதவிற்று. வீதிப் பெயரைப் போர்ப்பெருமிதம் என்று மட்டும் கண்டு ஒதுக்குவோர் இவ்வுண்மையைத் தவறவிடுகின்றனர் என்பது எமது கருத்து. அது பெருமளவுக்கு இழந்துபோன உழைப்பின் நடுகல். ஆயின், அந்நடுகல்லில் உழைத்தவன் இல்லை. அவன் ஆக்கிய பண்டமே உள்ளது.

பேர்மிங்ஹாமின் காசில் வேல் குடியிருப்பிலும் இதனையொத்த போக்கைக் காணலாம். காசில் புரொம்விச் தொழிற்சாலையில் ஆக்கப்பட்ட ஏறத்தாழ 12,000 ஸ்பிற்பயர் விமானங்கள் பரீட்சித்துப் பறக்கவிடப்பட்ட நிலத்தில், 1960களில் நகரசபை 34 அடுக்குமாடிகளை எழுப்பி, சேரிகளிலிருந்து அகற்றப்பட்ட தொழிலாளர் குடும்பங்களைக் குடியேற்றியது. வீதிகளுக்குத் தாங்மியர், பார்ன்பரோ எனப் புகழ்பெற்ற விமானத் தளங்களின் பெயர்கள் இடப்பட்டன. குடியிருப்பு வறுமைக்குள் வீழ்ந்து, அடுக்குமாடிகளிற் பெரும்பாலானவை இடித்து அகற்றப்பட்ட காலத்திலேதான், 2000 ஆம் ஆண்டில், அதன் வாயிலிலுள்ள சுற்றுவட்டத்தில் மூன்று ஸ்பிற்பயர்கள் மேலெழும் உலோகச் சிற்பம் நிறுவப்பட்டது. லைசாண்டர் விமானத்தை ஆக்கிய வெஸ்ற்லண்ட் நிறுவனத்தின் ஊரான யோவிலில் லைசாண்டர் வீதி உளது. இவ்வாறு உதாரணங்களை அடுக்கிச் செல்லலாம். அவற்றால் வாதம் வலுப்பெறுமென்று நாம் கருதவில்லை.

இனி, பெயரின் மறுமுனைக்கு வருவோம். மொஸ்கிற்றோக்கள் பறந்து சென்ற இடங்களும் வீதிகளையுடையனவே. டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகனில் ஷெல்ஹூஸ் என்னும் கட்டடத்தை நாஜிகளின் கெஸ்டாப்போ தன் தலைமையகமாகக் கொண்டிருந்தது. எதிர்ப்பியக்கத்தினர் பற்றிய ஆவணங்கள் அங்கு திரட்டப்பட்டிருந்தன. அவை அழிக்கப்படாவிடின் இயக்கமே அழியும் என அஞ்சிய டேனிய எதிர்ப்பியக்கத்தினர் தாமே பிரித்தானிய வான்படையின் தாக்குதலை வேண்டினர். 1945 மார்ச் 21 ஆந் திகதி மொஸ்கிற்றோக்கள் மூன்று அலைகளாக, கூரைகளை உரசுமளவுக்குத் தாழ்வாக வந்தன. கட்டடம் எரிந்தது, ஆவணங்கள் அழிந்தன, மேல்மாடியில் அடைபட்டிருந்த கைதிகளில் எண்மர் மாண்டனர், 18 பேர் தப்பினர்.

முதல் அலையின் விமானமொன்று தூணொன்றில் மோதி, பிரெடெரிக்ஸ்பெர்க் பகுதியிலிருந்த ஜோன் ஒவ் ஆர்க் பாடசாலைக்கு அருகில் வீழ்ந்தது. எழுந்த புகையை இலக்கெனக் கருதிப் பின்வந்த விமானங்கள் சில பாடசாலை மீது குண்டுகளை வீசின. 86 பிள்ளைகள் கொல்லப்பட்டனர். அவர்களுடன் கன்னியாஸ்திரிகளும் வேறு பெரியோரும் மாண்டனர். விமானத்தில் வந்தோர் பாசிசத்திற்கெதிராகப் போரிட்டவர்கள். அவர்களை அழைத்தவர்கள் அந்நாட்டின் விடுதலைப் போராளிகள். இத்தாக்குதலின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. எனினும், 'மொஸ்கிற்றோ' என்ற சொல் ஹற்பீல்டின் வீதிப்பலகையில் தரும் பொருளும் பிரெடெரிக்ஸ்பெர்க் அலே என்னும் வீதியிலுள்ள நினைவுச்சின்னத்தின் முன் தரும் பொருளும் ஒன்றாகா.

மனிதர் பெயரை இடுவதற்கும் கருவியின் பெயரை இடுவதற்குமுள்ள வேறுபாடு இவ்விடத்திற் புலனாகின்றது. பேர்லினின் டெம்பல்ஹோவ் பகுதியில் நாஜி அரசு 1936 இல் முதலாம் உலகப் போரின் விமானிகளது பெயர்களை வீதிகளுக்கு இட்டது. றிக்தோவன் வீதி அவற்றுளொன்று. அப்பெயர்களை மாற்றுக, வைத்திருக்க என வாதிடலாம்; மனிதனுக்குச் செயலும் பொறுப்பும் உண்டு. இயந்திரமோ குற்றமற்றதாய்த் தோன்றுகிறது. மரம், ஒட்டுப்பசை, அழகிய வடிவம் ஆகியவற்றையே அது நினைவூட்டுகின்றது. எவரது கட்டளையாற் பறந்தது, எங்கு குண்டிட்டது என்னும் வினாக்கள் பெயரிலிருந்து உதிர்ந்துவிடுகின்றன. நகராட்சிகள் இத்தகைய பெயர்களைத் தயக்கமின்றி ஏற்பதற்கு இதுவே காரணம் போலும்.

எம்மவர்க்கு இவ்விடயம் முற்றிலும் அந்நியமானதன்று. முதலாம் உலகப் போர்க்காலத்தில், மலாயாவிற் புகையிரதப் பகுதியிலும் அரச அலுவலகங்களிலும் எழுதுவினைஞராய் அமர்ந்திருந்த யாழ்ப்பாணத் தமிழர் பணந்திரட்டிப் பிரித்தானியப் பேரரசுக்குப் போர்விமானம் ஒன்றை அன்பளித்தனர். அதற்கு 'யாழ்ப்பாணம்' எனப் பெயரிடப்பட்டது. இரண்டாம் உலகப் போரில், ஜெர்மானிய நகரங்கள் மீது ஹலிபாக்ஸ் குண்டுவீச்சு விமானங்களைச் செலுத்திய பிரித்தானிய வான்படையின் 102 ஆவது அணி 'சிலோன்' என்னும் பெயரைத் தாங்கிற்று. ஹற்பீல்டில் விமானம் வீதிக்குப் பெயர் கொடுத்தது. இங்கு ஊரும் நாடும் விமானத்துக்குப் பெயர் கொடுத்தன. குடியேற்ற ஆட்சியின்கீழ் உயர்ந்த நடுத்தர வர்க்கத்தினரின் விசுவாசம் இதனால் வெளிப்படுகின்றது. அவ்விமானங்களின் கீழ் வாழ்ந்தோர் எவர் என்பது பணம் கொடுத்தோரின் சிந்தையில் இடம்பெற்றிருக்க நியாயமில்லை.

பிற்காலத்தில் அக்கீழ்நிலை நமதாயிற்று. 1996 முதல் இலங்கை வான்படை பயன்படுத்திய இஸ்ரேலியத் தயாரிப்பான கிபிர் விமானத்தின் பெயரை வன்னியில் எவரும் கற்பிக்கவில்லை. குழந்தைகளும் அதனை அறிந்திருந்தனர். வானில் இரையும் எந்த மிகையொலி விமானத்தையும் 'கிபிர்' என்றே மக்கள் அழைத்தனர். 'கிபிர் அடித்தது' என்பது பேச்சு வழக்காயிற்று. ஈபுரு மொழியில் அச்சொல் சிங்கக்குட்டியைக் குறிக்குமென்பது பதுங்குகுழிக்குள் இருந்தோர்க்கு வேண்டாத செய்தி. மொஸ்கிற்றோவைப் போலவே ஆக்கியோர் இட்ட உயிரினப் பெயரே அதுவும். அச்சொல் நமது மொழிக்குள் நுழைந்தது வீதிப்பலகை வழியாக அன்று. ஒலி கேட்டுக் குழிக்குள் ஓடியவர்களின் வாய்வழியாக.