கரிப்புகை விலகிய சதுக்கம்

லண்டனின் செயின்ட் ஜேம்ஸ் சதுக்கத்தைச் சுற்றிக் குடியிருந்தவர்கள் பிரபுக்கள். நடுவில் கிடந்த வெற்றிடமோ குப்பைமேடு. அடுப்புச் சாம்பல், சமையலறைக் கழிவு, செத்த நாய், பூனை எல்லாம் அங்கேதான் வந்து விழுந்தன. பொறுத்துப் பார்த்த குடியிருப்பாளர்கள் 1726இல் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே வாங்கிவிட்டார்கள். தங்களுக்குள் வரி போட்டு வசூலித்து அந்த இடத்தைச் சுத்தப்படுத்தி, வேலியும் கட்டிக்கொள்ளலாம் என்றது அது. வரி, வேலி, வேலிக்கதவின் சாவி: லண்டன் சதுக்கத் தோட்டங்கள் பலவும் இன்றுவரை இந்த மூன்றை வைத்துத்தான் நடக்கின்றன.

அங்கே என்ன நடுவது? அதை முடிவு செய்தது தோட்டக்காரர் அல்ல, நிலக்கரிப் புகை.

ஹாக்ஸ்டன் பகுதியில் நாற்றுப்பண்ணை வைத்திருந்த தாமஸ் ஃபேர்சைல்டு 1722இல் ‘தி சிட்டி கார்டனர்’ என்ற சிறு நூலை வெளியிட்டார். எந்தச் செடி புகையைத் தாங்கும், எது தாங்காது என்பதே அதன் சாரம். ஆள் லேசுப்பட்டவர் அல்ல. கார்னேஷனுக்கும் ஸ்வீட் வில்லியத்துக்கும் மகரந்தம் சேர்த்து ஒரு புதுச் செடியை உண்டாக்கியிருந்தார். மனிதர் வேண்டுமென்றே உருவாக்கிய முதல் கலப்பினம் என்று அதைச் சொல்வார்கள். இறைவனின் படைப்பைப் பற்றி ஆண்டுக்கொரு முறை பிரசங்கம் நடக்கட்டும் என்று உயிலில் 25 பவுண்டும் எழுதிவைத்தார். படைப்பில் கைவைத்த குற்ற உணர்வோ என்று கேட்பவர்களும் உண்டு.

கடைசியில் புகையை ஜெயித்தது பிளேன் மரம். அதன் பட்டை தகடு தகடாக உரியும். கரி படிந்த தோல் உதிர்ந்து, அடியில் வெளிர்மஞ்சள் தோல் தெரியும். பெர்க்லி சதுக்கத்தில் 1789இல் நட்ட பிளேன் மரங்கள் இன்றும் நிற்கின்றன. ஆனால் அவற்றின் நிழலில், வேர்கள் உறிஞ்சிய காய்ந்த மண்ணில் எதுவும் எளிதில் வராது. விளைவு: மேலே பிளேன், ஓரத்தில் பிரிவெட் வேலி, நடுவில் புல். நூறாண்டுக்கும் மேலாகப் பல சதுக்கங்களின் முகம் இதுதான். உள்ளதைச் சொன்னால், அலுப்பான முகம்.

அந்த நிலத்துக்கும் ஆபத்து வந்தது. 1920களில் மார்னிங்டன் கிரசென்ட் தோட்டத்தின் மேல் கரேராஸ் நிறுவனம் பிரம்மாண்டமான சிகரெட் தொழிற்சாலையை எழுப்பியது. ஊர் கொதித்தது. 1931இல் வந்த சட்டம் 461 சதுக்கங்களில் கட்டடம் எழும்பாமல் காத்தது. இரண்டாம் உலகப் போரின்போது இரும்புக்காகக் கம்பிவேலிகளைப் பிடுங்கிப்போனார்கள். மண் மட்டும் தப்பியது.

காற்றுக்கு விடிவு வந்தது 1956இல். 1952 டிசம்பரில் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்ட நச்சுப்பனிக்குப் பிறகு, தூய காற்றுச் சட்டம் நிறைவேறியது. புகை மெல்ல விலகியது. நகரத்தின் வெப்பமோ போகவில்லை. சுற்றுக் கிராமங்களைவிட லண்டனில் இரவு கதகதப்பானது என்பதை, மேகங்களுக்குப் பெயரிட்ட லூக் ஹவார்ட் 1818லேயே அளந்து எழுதியிருந்தார். குளிருக்குப் பயந்த செடிகளுக்கு இப்போது கதவு திறந்தது.

அதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்ட இடம் பிம்லிகோவில் உள்ள எக்கிள்ஸ்டன் சதுக்கம். சதுப்பு நிலத்தை மண் கொட்டி மேடாக்கி தாமஸ் கியூபிட் எழுப்பிய குடியிருப்பு அது. 33ஆம் எண் வீட்டில் சில ஆண்டுகள் சர்ச்சில் இருந்தார். சுமார் 3 ஏக்கர் தோட்டத்தைப் பல பத்தாண்டுகள் பார்த்துக்கொண்டவர் ரோஜர் ஃபிலிப்ஸ். செடிகளைப் படம் பிடித்து மார்ட்டின் ரிக்ஸுடன் சேர்ந்து புத்தகம் புத்தகமாக வெளியிட்ட அவர், 2021இல் காலமானார். குளிர்காலம் முடியும் முன்பே கமேலியா, பிறகு மரப்பியோனி, கோடையில் மரங்களின் மேல் ஏறும் ரோஜா என்று ஆண்டு முழுக்க ஏதாவதொன்று பூத்தபடி இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

தோட்டத்தின் பெருமை சியனோத்தஸ். கலிபோர்னியாக்காரி, நம் இலந்தையின் குடும்பம். மிளகைவிடச் சிறிய மொட்டுகள் கொத்துக் கொத்தாக விரிந்தால், இலை மறைந்து புதரே நீலமாகிவிடும். கத்தரிக்கோலைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும்: முற்றிய கட்டையில் வெட்டினால் மறுபடி துளிர்ப்பது அரிது. ஆயுளும் குறைவு, ஒன்று தளரும்போதே அடுத்த கன்று தயாராக இருக்க வேண்டும். இதன் பல வகைகளைச் சேர்த்துக் காப்பதால் இங்குள்ளதற்குத் தேசியத் தொகுப்பு என்ற தகுதி உண்டு.

குளிருக்குப் பயந்த செடிகளில் இன்னொரு வேடிக்கை. பிப்ரவரியில் மஞ்சளாய்ப் பூக்கிறதென்று லண்டன்காரர்கள் காசு கொடுத்து வாங்கி நடும் ‘மிமோசா’, நீலகிரியில் புல்வெளியை விழுங்கியதாக வனத்துறை வெட்டி அகற்றும் வாட்டில் மரம்தான்.

விக்டோரியா ரயில் நிலையத்திலிருந்து எக்கிள்ஸ்டன் சதுக்கம் சில நிமிட நடை. கதவு பூட்டியிருக்கும், சாவி குடியிருப்பவர்களிடம். சித்திரை வாக்கில் அந்தப் பக்கம் போக வாய்த்தால் கம்பிவேலியோரமாக ஒரு சுற்று வாருங்கள். நீலம் வெளியிலிருந்தே தெரியும்.