வெள்ளாவி முதல் வாஷிங் மெஷின் வரை

வெள்ளைச் சட்டையில் சாயம் ஒட்டாத வீடு நம் குடியிருப்பில் இருக்காது. ஆனால் வெள்ளையையும் கலரையும் பிரிக்கும் பாடம் பழையது.

அந்தக் காலத்தில் சலவைத் தொழிலாளர்கள் வெள்ளைத் துணிகளை உவர்மண் கரைசலில் நனைத்து, வெள்ளாவி வைத்து அவிப்பார்கள். மண்ணின் காரமும் ஆவியின் சூடும் பிசுக்கை எடுத்துவிடும். சாயம் போகும் துணி வெள்ளாவிக்குப் போகாது. எந்த வீட்டுத் துணி என்பதற்குச் சேங்கொட்டைக் குறி. கடைசியாக, மஞ்சள் பூத்த வெள்ளைக்கு நீலம். இத்தனை தெரிந்தவர்களுக்கு ஊர் கொடுத்த கூலி பெரும்பாலும் தானியமும் சோறும்தான். மரியாதை அதைவிடக் குறைவு.

1959இல் சர்ஃப் வந்தது. 1969இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் தொடங்கிய நிர்மா, சோப்புத் தூளை எளிய வீடுகளுக்கும் கொண்டுபோனது.

இன்று பல பவுடர்களில் நீலத்தின் வேலையை வெண்மையூட்டி செய்கிறது. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் தருகிறது. வெள்ளைக்கு அது அழகு. இளநிறத் துணியை வெளிறிக் காட்டும்.

ஆகவே வெள்ளைக்கு அந்தப் பவுடர். கலருக்கு வெண்மையூட்டியும் பிளீச்சும் இல்லாத லிக்விட், பச்சைத் தண்ணீர். புதுத் துணியை முதலில் தனியாகத் துவையுங்கள். வெள்ளாவிக்காரர் அன்றே செய்தது இதைத்தான்.