உணவுக்குழாய், நுரையீரல், கொஞ்சம் புவியீர்ப்பு

உணவுக்குழாய் இருக்கறது ரொம்ப சிக்கலான இடம் மக்களே. முன்னாடி மூச்சுக்குழாயும் இதயமும், பின்னாடி முதுகெலும்பு, ரெண்டு பக்கமும் நுரையீரல். 1913-ல் நியூயார்க்கில் ஃபிரான்ஸ் டோரெக் என்ற டாக்டர், ஒரு அம்மாவோட நெஞ்சைத் திறந்து புற்று வந்த உணவுக்குழாயை வெற்றிகரமா எடுத்தார். அப்புறம் எப்படி சாப்பிடறது? கழுத்துல ஒரு துளை, வயித்துல ஒரு துளை, ரெண்டையும் இணைக்க உடம்புக்கு வெளியே ஒரு ரப்பர் குழாய்! அந்தம்மா அதோடயே 13 வருஷம் வாழ்ந்தாங்க.

எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. விலா எலும்பை விரிச்சுத் திறந்தா, பிறகு வலியில ஆழமா மூச்சு இழுக்க முடியாது, இருமவும் முடியாது. சளி தேங்கும், நிமோனியா வரும். புற்றுக்குத் தப்பிச்சு நிமோனியாவுல போனவங்க உண்டு.

1992-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்துல ஆல்ஃபிரட் குஷியரி, நெஞ்சுல சின்னத் துளைகள் போட்டு இதே வேலையைச் செஞ்சு காட்டினார். கை உள்ளே போகாது. 5 முதல் 10 மில்லிமீட்டர் தடிமன்ல நீளமான கருவிகள்தான் போகும். துளையே நெம்புகோலின் தாங்குபுள்ளி. கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினா நுனி வலப்பக்கம் போகும்! நோயாளி ஒருக்களிச்சுப் படுத்திருக்கறதால நுரையீரல் வேற வந்து மறைக்கும். அதை ஒதுக்கிப் பிடிக்க விசிறி மாதிரி விரியற ஒரு கருவி. பஞ்சு மாதிரியான உறுப்பை இரும்பால மணிக்கணக்கா அழுத்தினா என்ன ஆகும்?

இதுக்கு விடை இன்னொரு கருவி இல்லை. ஆளைக் குப்புறப் படுக்க வைக்கறது! நுரையீரல் தானா கீழே சரிஞ்சுடும், ரத்தமும் வேலை செய்யற இடத்தை விட்டு வடிஞ்சுடும். 1994-ல் குஷியரியே இதை எழுதினார். ஆனா பெரிய அளவுல செஞ்சு காட்டினது நம்ம கோயம்புத்தூர் டாக்டர் பழனிவேலு. 130 பேருக்குச் செஞ்ச அனுபவத்தை அவர் குழு 2006-ல் வெளியிட்டது.

2012-ல் ஐரோப்பாவுல 115 பேரை வச்சு நடந்த ஆய்வு முடிவு வந்தது. முதல் ரெண்டு வாரத்துல நுரையீரல் தொற்று: நெஞ்சைத் திறந்தவங்கள்ல 29%, துளை வழியா செஞ்சவங்கள்ல 9%. அந்தத் துளை ஆபரேஷன்ல நோயாளிங்க குப்புறத்தான் படுத்திருந்தாங்க.

நம்ம தொழில்ல புதுசா எழுதற வரியை விட, தேவையில்லன்னு தூக்கற வரிக்கு மதிப்பு ஜாஸ்தி. அந்த விசிறிக் கருவியும் அப்படித்தான். தூக்கினப்புறம் சில பேர் நிம்மதியா மூச்சு விட்டாங்க.