போலி முத்து, நிஜ டிரம்

கேட்கிறவங்கள்ல யாராவது டிரம்ஸ் வாசிக்கிறவங்களா இருந்தா, உங்க செட்டோட உடம்பு மேல சுத்தி ஒட்டியிருக்கிற அந்தப் பளபளப்பான உறையை ஒரு நிமிஷம் பாருங்க. வெள்ளையோ கறுப்போ, உள்ளே மேகம் மாதிரி அலை அலையா ஏதோ ஓடும். கம்பெனி கேட்லாக்ல அதோட பேரு ஒயிட் மரைன் பேர்ல், பிளாக் ஆய்ஸ்டர் பேர்ல். கடல் முத்து, சிப்பி முத்து.

இதை மாப்பிள்ளையூரணியில இருந்து சொல்லும்போது கொஞ்சம் சிரிப்பு வருது. தெற்கே தூத்துக்குடி டவுன், கிழக்கே உப்பளம், அதைத் தாண்டினா மன்னார் வளைகுடா. கொற்கை காலத்துல இருந்து உலகத்துக்கே முத்து கொடுத்த கடல் இது. பரதவர்கள் மூச்சைப் பிடிச்சு இறங்கி, பார்னு சொல்ற கடலடிப் பாறைத் திட்டுகள்ல இருந்து சிப்பி அள்ளிட்டு வந்தாங்க. அரசாங்கம் நடத்தின கடைசி முத்துக்குளிப்பு வரிசை 1955-ல் தொடங்கி 1961-ல் முடிந்தது. அதுக்கப்புறம் குளிப்பு நடத்துற அளவுக்குப் பார்கள்ல சிப்பி சேரவே இல்லை.

அதுக்கு மூணு வருஷம் கழிச்சு, 1964 பிப்ரவரி 9. அமெரிக்காவில் எட் சல்லிவன் ஷோ. சுமார் 7 கோடியே 30 லட்சம் பேர் டிவி முன்னாடி உட்கார்ந்து பீட்டில்ஸைப் பார்க்கிறாங்க. மேடையில உயரத்துல ரிங்கோ ஸ்டார். அவர் முன்னாடி இருக்கிறது லட்விக் கம்பெனி டிரம் செட், நிறம் பிளாக் ஆய்ஸ்டர் பேர்ல். நிஜ முத்து எடுக்கிற தொழில் இங்கே முடிஞ்ச நேரத்துல, அங்கே போலி முத்து ஊரையே பைத்தியமாக்குது. ரெண்டுக்கும் நேரடித் தொடர்பு ஒண்ணும் கிடையாது, தற்செயல்தான். ஆனா பழைய டிரம்ஸை எடுத்துச் சரி பண்ற பொழுதுபோக்கு உலகம் முழுக்க இன்னைக்கு இவ்வளவு பெரிசா இருக்குன்னா, அந்த ஒரு ராத்திரிக்கு அதுல பெரிய பங்கு இருக்கு. ஷோ முடிஞ்சதும் பசங்க எல்லாருக்கும் டிரம்ஸ் வேணும்னு ஆகிப்போச்சு. சிகாகோவில் லட்விக் தொழிற்சாலை இரவு பகலா ஓடியது. ஜப்பான்காரங்க விலை குறைஞ்ச செட்டுகளைச் செஞ்சு, வாங்குற கடைக்காரர் சொன்ன பேரை ஒட்டி அனுப்பினாங்க. ஒரே தொழிற்சாலை, பத்து பேர். அப்போ வித்த செட்டுகள்தான் பிரிஞ்சு, உடைஞ்சு, பரண்ல கிடந்து, இப்போ ஒத்தை ஒத்தை டிரம்மா வெளியே வருது.

சரி, அந்த முத்து எங்கிருந்து வந்தது? இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 17-ஆம் நூற்றாண்டு பாரிஸில் ஜாக்கேன் என்ற ஜெபமாலை செய்பவர், சின்ன ஆற்று மீன்களின் செதிலில் இருக்கும் மினுமினுப்பைக் கழுவி எடுத்து, கண்ணாடி மணிக்குள் பூசிப் போலி முத்து செய்தார். அந்த மினுமினுப்புக்குக் காரணம் குவானின் என்ற பொருளின் படிகங்கள். பிற்காலத்தில் இந்தச் செதில் சாற்றை செல்லுலாய்டில் கலந்து, முத்துச்சிப்பியின் உள்பக்கம் மாதிரி தகடுகள் செய்தார்கள். சீப்பு, பேனா, அக்கார்டியன்னு எல்லாத்துலயும் அது ஏறியது. 1920-களில் அமெரிக்க டிரம் கம்பெனிகளும் அதையே மரத்தின் மேல் சுற்ற ஆரம்பித்தன. ஆக, ஆரம்ப காலத்து முத்து டிரம்முக்குள்ள இருந்தது மீன் செதில். நம்ம ஊர் மீன் மார்க்கெட்ல தரையைக் கழுவி ஊத்துறோமே, அந்தச் செதில்தான் மூலப்பொருள்.

டிரம் செட் அப்படிங்கிறதே ஒட்டுப்போட்டுப் பிறந்த பொருள். மிலிட்டரி பேண்டோட பெரிய டிரம், அதே பேண்டோட ஸ்னேர், சீனாவுல இருந்து வந்த, தோலை ஆணி அடிச்சு இறுக்கின டாம் டாம், துருக்கி சிம்பல். நாலும் நாலு ஊர். நியூ ஆர்லியன்ஸ் பக்கம் ஒரே ஆள் ரெண்டு மூணு டிரம்மைச் சேர்த்து வாசிக்க வேண்டிய கட்டாயத்துல இதெல்லாம் ஒண்ணாச்சு. 1909-ல் வில்லியம் லட்விக் காப்புரிமை எடுத்த கால் பெடல்தான் இதையெல்லாம் ஒரே நாற்காலியில கட்டிப் போட்டது. அதனால, மூணு கம்பெனி டிரம்மை வெச்சு ஒரு செட் கட்டுறவங்களைப் பார்த்து, இது அசல் இல்லையேன்னு யாராவது மூக்கைச் சுளிச்சா, எதுங்க அசல்னு தாராளமா கேட்கலாம். நம்ம சிவமணியை எடுத்துக்குங்க. அப்பா எஸ்.எம். ஆனந்தனும் டிரம்மர். மகன் செட்டுக்குள்ள பாத்திரம், தண்ணி கேன், சூட்கேஸ் எல்லாத்தையும் கொண்டு வந்துட்டார்.

ஆனா ஒட்டுப்போடுறது சொல்ற அளவுக்கு லேசு இல்ல. பெரிய சிக்கல் அளவு. 1950-களின் நடுப்பகுதி வரைக்கும் டிரம்முக்கு மேலே போட்டது கன்றுத் தோல். தோலை நனைச்சு ஒரு வளையத்துல மடிச்சுச் செருகிக் காய விடுவாங்க. டிரம் கொஞ்சம் பெரிசா இருந்தாலும் தோல் அதுக்கேத்த மாதிரி உட்காரும். 1956, 57-ல் சிக் எவான்ஸ், ரெமோ பெல்லி ஆகியோர் மைலார் பிளாஸ்டிக்கில் முகப்பு செய்து விற்க ஆரம்பித்தார்கள். மழைக்கும் வெயிலுக்கும் அது அசையாது. ஆனா அது வர்றது ஒரே அளவுல. பழைய ஷெல், அதுக்கு மேல உறையோட கனம், ரெண்டும் சேர்ந்தா புது முகப்பு இறங்க மறுக்கும். இங்கிலாந்தின் பிரீமியர் கம்பெனி டிரம்கள் 1960-களின் கடைசி வரை தனி அளவில்தான் வந்தன. அதுல இன்னைக்குக் கடையில கிடைக்கிற முகப்பு உட்காராது. மரைகூட ஒத்துப்போகாது. ஜெர்மனியின் சோனார் மெட்ரிக் மரை, அமெரிக்கக் கம்பெனிகள் வேற மரை. ஒரு டிரம்மோட திருகை இன்னொண்ணுல பலவந்தமா ஏத்தினா மரை வழுக்கிடும்.

இதே மாற்றம் நம்ம தவில்லயும் நடந்திருக்கு. பலா மரத்துல குடைஞ்ச உடம்பு, ரெண்டு பக்கமும் தோல், இறுக்கிப் பிடிக்கத் தோல் வார். இப்போ பெரும்பாலான தவில்ல வாரை எடுத்துட்டு ஸ்டீல் வளையம், நட்டு, போல்ட்டு. ஸ்பேனர் வெச்சு சுருதி ஏத்துறாங்க. கச்சேரிக்கு நடுவுல வார் தளர்ந்து போற பயம் இல்ல. அதே நேரம், வார் இழுத்துக் கட்டத் தெரிஞ்ச கைகளுக்கு வேலை குறையுது. தோலே போய் செயற்கை முகப்பு வந்தா, தோல் பதப்படுத்துறவருக்கும் வேலை போகும். பறையிலயும் ஃபைபர் முகப்பு வந்தாச்சு. நெருப்புல காய்ச்ச வேண்டாம், மழையில வாசிக்கலாம், வாசிக்கிறவருக்கு அது பெரிய நிம்மதி. அதை வேண்டாம்னு சொல்ற உரிமை ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்கிற நமக்கு இல்லைன்னுதான் நினைக்கிறேன். ஆனா ஒரு தவில் உடம்பு தலைமுறை தலைமுறையா வீட்ல இருக்கும், தோலும் வளையமும் மாறிக்கிட்டே இருக்கும். அதை யாரும் போலின்னு சொல்றது கிடையாது.

அப்போ எதை மாத்தலாம், எதைத் தொடக்கூடாது? இந்தப் பொழுதுபோக்குக்காரங்க ஓயாம சண்டை போடுற இடம் இதுதான். லக்குனு சொல்வாங்களே, திருகைப் பிடிச்சுக்கிற அந்த உலோகத் துண்டு, அதோட ஓட்டை இடைவெளி கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வேற லக் போடணும்னா மரத்துல புது ஓட்டை போடணும். போட்ட ஓட்டையை அடைக்கலாம், இல்லாம ஆக்க முடியாது. என் கட்சி இது: ஒரே காலத்துச் செட் முழுசா கையில இருந்தா டிரில் மெஷினை எடுக்காதீங்க. ரிங்கோவோட முதல் லட்விக் செட் 2015 டிசம்பர்ல அமெரிக்காவுல ஏலத்துல 20 லட்சம் டாலருக்கு மேல போச்சு. உங்க செட் அப்படிப் போகாது, தெரியும். ஆனா நாம சிதைக்கிற முழுச் செட் ஒவ்வொண்ணும் கணக்குல ஒண்ணு குறையுது. ஒத்தையா, பேட்ஜ் இல்லாம, யாரும் சீண்டாத டிரம்மா? தாராளமா அறுங்க, ஓட்டை போடுங்க, அளவைக் குறைங்க. அது திரும்ப வாசிக்கப்பட்டா லாபம்தான்.

இந்தியாவுல இந்த வேலைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. 1991-க்கு முன்னாடி இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமை, வெளிநாட்டு செட் எல்லார் கைக்கும் எட்டாது. பேண்டு வாத்தியத்துக்கு ஊர் மீரட். அங்கே ஜாலி கோட்டி பகுதி முழுக்க வாத்தியப் பட்டறைகள். நாதிர் அலி அண்ட் கம்பெனி 1885-லேயே தொடங்கினது. கல்யாண பேண்டு டிரம் ஒண்ணைப் படுக்க வெச்சு, கால் மாட்டி, ஃப்ளோர் டாம் ஆக்குறது சாத்தியம்தான். மரமும் இரும்பும்தானே, முடியாததுன்னு ஒண்ணும் இல்ல.

நம்ம கடற்கரையில இதைச் செய்றவங்களுக்கு ரெண்டு விஷயம். முதல்ல உப்புக்காத்து. குரோம் பூசின ரிம்முல புள்ளி புள்ளியா துரு குடையும். எல்லாத் திருகையும் கழட்டி மண்ணெண்ணெய்ல ஊறப் போட்டு, துடைச்சு, மரையில லேசா கிரீஸ் தடவி மாட்டுங்க. ரெண்டாவது, இதுல விளையாட்டு வேண்டாம்: பழைய முத்து உறை செல்லுலாய்டு நைட்ரேட்டா இருந்தா சட்டுனு தீப்பிடிக்கும். அதை உரிக்க ஹீட் கன் எடுக்காதீங்க, பக்கத்துல சிகரெட் வேண்டவே வேண்டாம். அது வயசாக ஆகச் சுருங்கும், ஒட்டுன ஓரம் தூக்கும், விரிசல் விடும். மஞ்சளாவும் மாறும். வெள்ளை முத்து பழுத்த தந்த நிறத்துக்கு வந்துடும், வானநீல முத்து பச்சையாவே ஆயிடும். ரெண்டு வீட்ல கிடந்த ரெண்டு டிரம்ல பழுக்கிற வேகம் வேற வேற. அதனாலதான் ஒரே கம்பெனி, ஒரே நிறம், ஒரே வருஷத்து டிரம்மைத் தேடிப் பிடிச்சு வாங்கினாலும் பக்கத்துல வெச்சா ஜோடி சேராது.

உங்க பச்சை டிரம் நிஜமாவே பச்சையான்னு சந்தேகம் இருந்தா, ஒரு லக்கைக் கழட்டிப் பாருங்க. அதுக்கு அடியில வெயில் படாத இடம் இருக்கும், விரல் நகம் அளவுக்கு. அங்கே அது இன்னும் நீலமா இருக்கும்.