சுமை வாகனச் சக்கரமும் டயரும்

சுமை வாகனத்துக்குச் சக்கரமும் டயரும் தேர்வதற்கு அடிப்படை, ஒவ்வொரு அச்சின் மேலும் விழும் எடை. அதை அளந்து, அந்த எடையைத் தாங்கும் ரிம்மையும் டயரையும் பொருத்த வேண்டும். பார்வைக்குப் பெரிதாகத் தெரியும் டயர் கூடுதல் பாரம் தாங்கும் என்பது தவறான நம்பிக்கை. இந்த நம்பிக்கையால் நெடுஞ்சாலையில் டயர் வெடித்து உயிர்கள் போகின்றன.

கான்சாபுரம், வத்திராயிருப்புப் பக்கம் தேங்காயும் நெல்லும் ஏற்றிப் போகும் லாரி, பாரத்தை இறக்கிய பிறகு வெறும் வண்டியாக ஓடும். அந்த நேரம் டயருக்கு ஓய்வு. நிலையான பாரம் ஏறிய வண்டிக்கு அந்த ஓய்வு இல்லை. திருச்செங்கோட்டிலிருந்து நாடெங்கும் போகும் ஆழ்துளைக் கிணற்று ரிக் லாரி இந்த வகை. சேசிஸின் மேல் படுக்கை, சமையலறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் கட்டிய கேரவனும் இதே வகைதான். ஓடாமல் நிற்கும் நாட்களிலும் டயர் முழுப் பாரத்தைச் சுமக்கிறது. எனவே, வரம்பை ஒட்டித் தேராமல் கொஞ்சம் மிச்சம் வைத்துத் தேர்வது இவ்வண்டிகளுக்குக் கட்டாயம்.

முதல் வேலை எடைமேடையில். தொட்டியில் தண்ணீர், டாங்கில் டீசல், ஆட்கள், சாமான் எல்லாம் ஏறிய நிலையில் முழு வண்டியையும் எடை போட வேண்டும். பிறகு முன் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி எடுத்தால், கழித்தலில் பின் அச்சின் பாரம் கிடைத்துவிடும். 500 லிட்டர் தண்ணீர் என்றால் 500 கிலோ. தொட்டி ஒரு பக்கமாக இருந்தால் அந்தப் பக்கத்து டயர்களுக்கே அதன் பெரும்பங்கு போகும். சேசிஸின் மேல் கட்டிய கூண்டு பின் அச்சையும் தாண்டி நீண்டிருந்தால் பின்பாரம் கூடி முன் அச்சு லேசாகிவிடும்; ஸ்டியரிங் பிடிப்புக் குறையும். இதற்கு எந்த டயரும் மருந்தல்ல, பாரத்தைத்தான் முன்னே நகர்த்த வேண்டும்.

டயரின் பக்கச்சுவரில் அளவுக்குப் பக்கத்தில் 146/143 என்பதுபோல் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் ஒற்றையாக ஓடும் டயருக்கு, இரண்டாவது ஜோடியாக ஓடும் டயருக்கு. 146 என்றால் 3,000 கிலோ, 143 என்றால் 2,725 கிலோ. ஜோடியில் இரண்டும் எப்போதும் சமமாகச் சுமப்பதில்லை. சாலை நடுவில் மேடாகி ஓரத்தில் சரிவதும் காற்றழுத்த வேறுபாடும் ஒன்றின் மேல் அதிகப் பாரம் தள்ளும். அதனால்தான் ஜோடிக்குக் குறைந்த எண்.

2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு பாரத்தை உயர்த்தியபோது, இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 16.2 டன்னிலிருந்து 18.5 டன் ஆனது. நான்கு டயர் கொண்ட பின் அச்சின் வரம்பு 10.2 டன்னிலிருந்து 11.5 டன் ஆனது. 146/143 குறியீடுள்ள 10.00 ஆர் 20 டயர்கள் நான்கும் சேர்ந்து தாங்குவது 10,900 கிலோ. பழைய வரம்புக்கு அது போதும், புதிய வரம்புக்கு 600 கிலோ துண்டு விழுகிறது. 152/148 குறியீடுள்ள 295/80 ஆர் 22.5 டயர் நான்கு போட்டால் 12,600 கிலோ தாங்கும். இரண்டின் உயரமும் ஏறத்தாழ ஒன்றே, தள்ளி நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆகவே கண்ணை நம்பாமல் எண்ணைப் படிக்க வேண்டும். அந்த எண்ணும் உரிய காற்றழுத்தம் இருந்தால்தான் செல்லும். பாரத்தோடு காற்றுக் குறைந்து ஓடும் டயர் மடங்கி மடங்கிச் சூடேறி, உள்கட்டு பிரிந்து வெடிக்கும்.

பலரும் டயரோடு நின்றுவிடுகிறார்கள். ரிம்முக்கும் அதற்கென்று பார வரம்பும் அழுத்த வரம்பும் உண்டு. 20 அங்குலச் சக்கரம் ட்யூப் டயருக்கானது, லாக் ரிங் போட்டுப் பூட்டுவது. சரியாக உட்காராத ரிங் காற்றடிக்கும்போது தெறித்து ஆளைக் கொல்லக்கூடியது. 22.5 அங்குலம் ட்யூப்லெஸ்ஸுக்கான ஒற்றைத் துண்டு ரிம். ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது, மாற்றினால் இரண்டையும் மாற்ற வேண்டும். அகலமான டயர் போடும்போது ஜோடிக்கு நடுவே இடைவெளி குறைந்து பக்கச்சுவர்கள் உரசும். ரிம்மை வெளியே தள்ளிப் பொருத்தினாலோ பாரம் பேரிங்கின் மேல் ஏறும். ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டினால் வண்டி உயரும். டயரின் தாங்கும் எடை ஒரு கிலோகூட உயராது.

சென்னை பாடியில் உள்ள வீல்ஸ் இந்தியா 1960-இல் நிறுவப்பட்டு வணிக வாகனச் சக்கரங்களைச் செய்துவருகிறது. லாரி, பேருந்து ரேடியல் டயர்கள் திருவள்ளூர் மாவட்டம் தேர்வாய்க் கண்டிகையில் உள்ள மிச்செலின் ஆலையில் உருவாகின்றன. நைலானா, ரேடியலா என்பதையும் முடிவு செய்ய வேண்டும். நைலான் டயர் விலை குறைவு, மேடுபள்ளத்தில் அடி தாங்கும். ரேடியல் குறைவாகச் சூடேறும், நெடுந்தூரத்துக்கு ஏற்றது. நிலையான பாரத்தோடு தொலைவு போகிற வண்டிக்கு ரேடியலே சரி.

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை 744 இந்தத் தேர்வைச் சோதிக்கும் சாலை. ராஜபாளையம் பக்கத்துச் சமவெளியில் வெயிலில் சூடேறிய டயர், புளியரையைத் தாண்டி மலை ஏறுகிறது. ஆரியங்காவுக்கு அப்பால் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தே இறங்கினால் டிரம்மின் சூடு ரிம்முக்குப் பாய்ந்து ட்யூபைக் கெடுக்கும். வளைவுகளில் உயரமான கூண்டு சாயும்போது வெளிப்பக்கத்து டயர்களின் மேல் பாரம் கூடும். ரீட்ரேடு செய்த டயரைப் பின் ஜோடியில் ஓட்டலாம். முன் அச்சில் வேண்டாம், அங்கே ஒன்று வெடித்தால் வண்டியைப் பிடிக்க முடியாது.

பதிவுச் சான்றிதழில் உள்ள அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடை விதிக்கிறது. உற்பத்தியாளர் குறித்த வடிவமைப்பிலிருந்து விலகக் கூடாது என்பதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. சக்கர அளவை மாற்ற நினைப்பவர் முதலில் உற்பத்தியாளர் அனுமதித்த அளவுகளைப் பார்த்து, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் சாலையில் ஓட்டக் கூடாது. பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டும் டயர் செய்த வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. அதிகம் ஓடாமல் நிற்கும் கேரவனில் டயரின் மேல்பரப்பு தேயாமலே ரப்பர் வயதாகி வெடித்துப்போகும் என்பதால், வாங்கும்போதே அந்த எண்ணைப் பாருங்கள். ஸ்டெப்னியும் அதே அளவு, அதே பாரக் குறியீடு உடையதாக இருக்கட்டும்.